இழைச் சாரக்கட்டில் செல்கள் சரியாக வளரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின்புல நூற்பு முறையில் (பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசியிலிருந்து நுண்ணிழையாக இழுக்கும் முறை) செய்த பாலிகேப்ரோலாக்டோன் இழைப்பாய், அதாவது பி.சி.எல். பாய், திசு மீளுருவாக்க ஆய்வகங்களில் மிகப் பரவலாகக் கையாளப்படும் சாரக்கட்டு, அதாவது செல்கள் பற்றி வளரும் தாங்குசட்டம். தசைநாண், நரம்பு, தோல் என்று எதற்காகச் செய்தாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: செல்கள் இழையைப் பிடித்து, இழை போகும் திசையில் நீண்டு, பாயின் உள்ளேயும் குடியேற வேண்டும். அது நடக்காதபோது பலரும் முதலில் செல்லைச் சந்தேகிக்கிறார்கள். புதிய குப்பி உருக்குவது, சீரம் மாற்றுவது, வளர்ச்சிக் காரணி சேர்ப்பது என்று வாரங்கள் ஓடிவிடும். உண்மையில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் செல் அல்ல. கரைப்பான் எச்சம், காற்றுக் குமிழி, இழை இடைவெளி, தவறான அளவீட்டு முறை ஆகிய நான்கில் ஒன்றுதான். எதையும் மாற்றுவதற்கு முன் எது பிழை என்று பிரித்தறியும் சோதனையைச் செய்யுங்கள்.

கீழே வரும் எண்களெல்லாம் இந்த அடிப்படைச் செய்முறையை ஒட்டியவை. சராசரி மூலக்கூறு எடை 80,000 உள்ள பி.சி.எல்.; குளோரோஃபார்மும் டி.எம்.எஃப்.பும் (டைமெத்தில்ஃபார்மமைடு) 7:3 கலந்த கரைப்பானில் 100 மி.லி.க்கு 12 கிராம்; இரவு முழுக்கக் கலக்கியது; 21 கேஜ் மழுங்கு முனை ஊசி; மணிக்கு 1 மி.லி.; 15 செ.மீ. தொலைவு, 15 கிலோவோல்ட், 10 செ.மீ. விட்டமுள்ள சுழல் உருளை. கரைப்பான் ஃப்யூம் ஹூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஊசியைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, முனையை எர்த் கம்பியால் தொட்டு மின்னூட்டத்தை இறக்குங்கள். இதை ஒருமுறைகூடத் தவிர்க்காதீர்கள்.

முதலில் மூன்று ஒப்பீடுகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், அதே நாளில் அதே செல் கரைசலிலிருந்து மூன்று இணைச் சோதனைகளை வையுங்கள்.

ஒன்று, வெறும் டிஷ்யூ கல்ச்சர் பிளாஸ்டிக்கில் செல்கள். இங்கேயே வளர்ச்சி மோசமென்றால் பாயைக் குறை சொல்ல முடியாது. பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை பிரித்து வளர்த்தீர்கள் என்பது), மைக்கோப்ளாஸ்மா கிருமித் தொற்று, சீரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டு, பாயின் சாறு. 0.5 மி.மீ.க்குக் குறைவான தடிமனுள்ள பாயை, 6 சதுர செ.மீ.க்கு 1 மி.லி. என்ற கணக்கில் மீடியத்தில் போட்டு 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவிடுங்கள். பாய் மீடியத்தை அதிகம் உறிஞ்சினால் உறிஞ்சிய அளவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மீடியத்தைப் பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே ஒட்டி வளரும் செல்களுக்கு மாற்றி, அடுத்த 24 மணி நேரம் கழித்து உயிர்த்திறனை அளவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 10993-5 தரப்படி, ஒப்பீட்டுக் குழுவின் 70%க்குக் கீழே இறங்கினால் நச்சு இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

மூன்று, அதே பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, பாயைப் போலவே உலர்த்திய தட்டையான படலம். படலத்தில் செல்கள் நன்றாக இருந்து பாயில் மட்டும் தடுமாறினால், வேதியியலில் பெரிய பிழை இல்லை. பாயின் அமைப்பிலோ நனைவதிலோ கோளாறு.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் கீழே எந்தப் பகுதிக்குப் போவதென்று தெரிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெறும் பாயின் படம் ஒன்றும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

இழையில் மணிமணியாகத் திரண்டிருக்கிறது

கரைசலில் பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று போதுமான அளவு பின்னிக்கொள்ளவில்லை. கம்பிப் பதம் எட்டாத பாகு போல, ஊசியிலிருந்து கிளம்பும் தாரை நூலாக நீள்வதற்குள் பரப்பு இழுவிசை அதைத் துளியாகச் சுருக்கிவிடுகிறது. செறிவை 12 சதவீதத்திலிருந்து 13, 14 என்று ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மணி உருண்டையாக இருந்து, பிறகு கதிர் போல நீண்டு, கடைசியில் மறைவதைப் படத்தில் வரிசையாகப் பார்க்கலாம். செறிவைக் கூட்டினால் இழையும் தடிக்கும். மெல்லிய இழைதான் வேண்டும் என்றால் கரைப்பானில் டி.எம்.எஃப். பங்கைச் சற்றுக் கூட்டிக் கடத்துதிறனை உயர்த்துங்கள். நேற்றுவரை நன்றாக வந்த கரைசலில் இன்று மணி வருகிறதென்றால் பாலிமரின் வயதைப் பாருங்கள். ஈரம் பட்ட பி.சி.எல். மெல்ல நீராற்பகுப்படைந்து சங்கிலி குறுகும். குருணைகளை உலர்த்தியுடன் காற்றுப்புகாத பாட்டிலில், குளிர்பதனத்தில் வையுங்கள். திறக்கும் முன் பாட்டில் அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் குருணைமேல் பனி படியும்.

ஊசிமுனை அடைத்துக்கொள்கிறது, தாரை விட்டுவிட்டு வருகிறது

குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பது. துளி ஊசியைவிட்டுக் கிளம்பும் முன்பே தோல் கட்டிவிடும். பாய்ச்சலை 1.2 அல்லது 1.5 மி.லி.க்கு ஏற்றுங்கள், 18 கேஜ் ஊசிக்கு மாறுங்கள். முனையில் கூம்பு தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கூம்பு ஊசிக்குள் பின்வாங்கினால் மின்னழுத்தம் அதிகம் அல்லது பாய்ச்சல் குறைவு. துளி தொங்கிச் சொட்டினால் நேர்மாறு. பல தாரைகளாகப் பிரிந்தால் மின்னழுத்தத்தை 1 கிலோவோல்ட் படிகளாக இறக்குங்கள்.

இழைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியது போல இருக்கின்றன

உருகவில்லை, ஈரமாக வந்து விழுந்திருக்கின்றன. டி.எம்.எஃப். 153 டிகிரியில் கொதிப்பது என்பதால் 15 செ.மீ. பயணத்தில் முழுதாக வெளியேறாது. தொலைவை 18 அல்லது 20 செ.மீ. ஆக்குங்கள், அல்லது பாய்ச்சலைக் குறையுங்கள். இந்தப் பாயை அப்படியே வளர்ப்புக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஒட்டிய இழை என்பது உள்ளே கரைப்பான் தங்கியிருப்பதற்கும் அடையாளம். இரண்டாம் நாள் செல் சாவு இதிலிருந்துதான் வரும்.

இழைமேல் குழிகுழியாக இருக்கிறது

ஈரப்பதம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தாரை குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது. நீர் போன இடம் குழியாக நிற்கிறது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது சாதாரணம். நூற்புப் பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்றை வைத்து 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். சிலிக்கா ஜெல் தட்டு சிறிய பெட்டிக்குப் போதும், பெரியதற்கு ஈரம் நீக்கும் கருவி வேண்டும். குழி எப்போதும் கேடல்ல. பரப்பு கூடுவதால் புரதம் அதிகம் படியலாம். ஆனால் ஒரு தொகுதியில் குழியும் அடுத்ததில் வழவழப்புமாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆய்வேட்டில் ஒவ்வொரு பாய்க்கும் ஈரப்பதம், வெப்பநிலை இரண்டையும் எழுதுங்கள்.

உருளை சுழன்றும் இழைகள் ஒழுங்காக அமையவில்லை

இங்கே பெரும்பாலும் நடப்பது ஒரே தவறு: கட்டுரையிலிருந்து சுழற்சி எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு உருளையின் விட்டத்தை விட்டுவிடுவது. இழையை இழுத்து நேராக்குவது உருளையின் பரப்பு வேகம். விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14ஆல் பெருக்கி, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 10 செ.மீ. உருளை 2,000 சுழற்சியில் விநாடிக்கு ஏறத்தாழ 10.5 மீட்டர் போகும். 2.5 செ.மீ. தண்டு அதே 2,000 சுழற்சியில் 2.6 மீட்டர்தான் போகும், அதில் ஒழுங்கு வராது. 8 மீட்டரிலிருந்து தொடங்கி மேலே ஏற்றிப் பாருங்கள். அளவு மீறினால் இழை அறுபடும், உருளை கிளப்பும் காற்றே தாரையைக் கலைக்கும்.

வேகம் சரியாக இருந்தும் மேலடுக்கு மட்டும் கலைந்திருந்தால் காரணம் தடிமன். படிந்த இழைகளில் மின்னூட்டம் தங்கி, வரும் இழையைத் தள்ளிவிடுகிறது. செல் தொடப்போவது அந்த மேலடுக்கைத்தான் என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. 100 மைக்ரானுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தடிமன் வேண்டுமென்றால் மெல்லிய பாய்களை அடுக்குங்கள். அல்லது பாயைப் புரட்டி, உருளையைத் தொட்டிருந்த பக்கத்தில் செல்களை விதையுங்கள். ஒழுங்கைக் கண்ணால் மதிப்பிடாமல், இமேஜ்ஜே மென்பொருளின் ஓரியண்டேஷன்ஜே செருகுநிரலில் கோணப் பரவலாக எடுங்கள்.

ஜெலட்டின் சேர்த்த கரைசல் கலங்குகிறது, பாய் நீரில் கரைகிறது

செல் ஒட்டுவதற்காக ஜெலட்டின் கலப்பது வழக்கம். அதற்குக் கரைப்பான் டிரைஃப்ளூரோஎத்தனாலோ ஹெச்.எஃப்.ஐ.பி.யோ (ஹெக்சாஃப்ளூரோஐசோப்ரோப்பனால்). சில மணி நேரத்தில் கரைசல் பால் போல வெளுத்து, பிறகு இரண்டு அடுக்காகப் பிரியும். அப்படியே நூற்றால் ஓரிடத்தில் ஜெலட்டினும் இன்னோரிடத்தில் பி.சி.எல்.லுமாகத் திட்டுத்திட்டாக வரும். டிரைஃப்ளூரோஎத்தனால் கரைசலில் 0.2 சதவீத அளவுக்கு அசிட்டிக் அமிலம் சேர்த்தால் கரைசல் தெளிந்து நிலைக்கும்.

பாயை ஊறவைத்ததும் எடை குறைந்தால் குறுக்குப் பிணைப்பு போதவில்லை. 90% எத்தனாலில் பிணைப்பு வினைபொருள்களான ஈ.டி.சி. 50 மில்லிமோலார், என்.எச்.எஸ். 20 மில்லிமோலார், அறை வெப்பத்தில் ஒரு இரவு என்பது நல்ல தொடக்கம். நீரின் பங்கு கூடினால் பிணைப்பு நடப்பதற்குள் ஜெலட்டின் வீங்கி இழை உருவம் போய்விடும். குளூட்டரால்டிஹைடு ஆவியும் வேலை செய்யும். ஆனால் மிச்ச ஆல்டிஹைடைக் கிளைசினால் முடக்கிப் பலமுறை கழுவாவிட்டால் செல்லைக் கொல்லும். வேறு வழி இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பாய் மிதக்கிறது, மீடியம் முத்தாக நிற்கிறது

பி.சி.எல்.லின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.14 கிராமுக்குச் சற்று மேல். அது மிதக்கக் கூடாத பொருள். மிதந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பாலிமர் நீரை விரும்பாதது, இழைப்பாயின் முரட்டுப் பரப்பு அதை இன்னும் பெரிதாக்குகிறது. சிகிச்சை செய்யாத பாயில் நீரின் தொடுகோணம் 120 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். காற்று நிற்கும் இடத்துக்குச் செல்லும் போகாது, சத்தும் போகாது.

கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றுங்கள். 24 வெல் பிளேட்டின் வெல் விட்டம் 15.6 மி.மீ., ஆகவே 15 மி.மீ. வட்டமாகப் பாயை வெட்டுங்கள். 70% எத்தனாலில் முழுக்கி 30 நிமிடம். எத்தனால் இறங்கியதும் வெள்ளைப் பாய் சற்று ஒளி ஊடுருவுவதாக மாறும், வெள்ளைத் திட்டு நிற்கும் இடத்தில் காற்று நிற்கிறது. மெல்லிய வெற்றிடம் கொடுத்து அதை வெளியேற்றுங்கள். பிறகு 50% எத்தனால், 25% எத்தனால், பி.பி.எஸ். (பாஸ்பேட் தாங்கல் உப்புக் கரைசல்) என்று ஒவ்வொன்றிலும் 10 நிமிடம். புதிய பி.பி.எஸ்.ஸில் இன்னும் மூன்று முறை. கடைசியாகச் சீரம் கலந்த முழு மீடியத்தில் ஒரு இரவு, 37 டிகிரியில். இடையில் ஒருபோதும் காய விடாதீர்கள். காய்ந்தால் காற்று திரும்ப உள்ளே வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலிகோன் ஓ-வளையம் ஒன்றை மேலே வைத்துப் பாயை அடியில் நிறுத்துங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் பரப்பை மாற்ற வேண்டும். குறைந்த திறனில் ஓரிரு நிமிட ஆக்சிஜன் பிளாஸ்மா போதும். அதன் பயன் நாள்பட மங்கும் என்பதால் அன்றே விதைத்துவிடுங்கள். பிளாஸ்மா இல்லாத ஆய்வகத்துக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 30 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை. அது எஸ்டர் பிணைப்பை அறுத்துக் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகளை வெளிக்கொணர்கிறது. இழையையும் தின்கிறது. மெல்லிய இழையில் வலிமை குறையும், ஆகவே முன்னும் பின்னும் எடை பாருங்கள்.

முதல் நாளிலேயே செல்கள் ஒட்டவில்லை

பாயின்மேல் செல் இல்லை என்றால் அவை எங்கே போயின என்று பாருங்கள். நுண்ணோக்கியில் வெல்லின் அடித்தளத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைக்கும்: செல்கள் ஓரமாக வழிந்து பிளாஸ்டிக்கில் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும். சாரக்கட்டுச் சோதனைக்குச் செல் ஒட்டாத வகைப் பிளேட்டையே பயன்படுத்துங்கள். 3 லட்சம் செல்களை 0.5 மி.லி.யில் ஊற்றுவதைவிட, 30,000 செல்களை 40 மைக்ரோலிட்டர் துளியாகப் பாயின் நடுவே வைத்து, இன்குபேட்டரில் 1 முதல் 2 மணி நேரம் விட்டு, பிறகு ஓரமாக மெல்ல 0.5 மி.லி. மீடியம் நிரப்புவது பல மடங்கு பயன் தரும். துளி வைக்கும் முன் பாயின் மேலுள்ள மீடியத்தை உறிஞ்சி எடுங்கள், காய விடாமல். காத்திருக்கும் நேரத்தில் துளி வற்றாமலிருக்கப் பக்கத்து வெல்களில் நீர் நிரப்புங்கள்.

மறுநாள் கணக்குப் போடுங்கள்: மீடியத்தில் மிதப்பவை, அடித்தளத்தில் ஒட்டியவை இரண்டையும் எண்ணி, போட்ட எண்ணிக்கையிலிருந்து கழித்தால் பாயில் தங்கியது கிடைக்கும். இந்த எண் தெரியாமல் ஏழாம் நாள் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

துளி முறையிலும் ஒட்டவில்லை என்றால், 1 மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டினில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். அப்போது ஒட்டினால் குறை பரப்பில். அப்போதும் ஒட்டாவிட்டால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஒட்டிய செல்கள் இரண்டு மூன்று நாளில் சாகின்றன

சாறு சோதனையின் முடிவை எடுங்கள். சாற்றில் செல் சாகிறது என்றால் பாயிலிருந்து ஏதோ கசிகிறது. முதல் குற்றவாளி டி.எம்.எஃப். பாய் தொடுவதற்கு உலர்ந்தது போலவும் வாசனையே இல்லாதது போலவும் இருக்கும், அதை நம்ப வேண்டாம். வெற்றிட அடுப்பில், 40 டிகிரிக்கு மிகாமல், குறைந்தது 48 மணி நேரம் வையுங்கள். வெப்பத்தை ஏற்றி அவசரப்படுத்த முடியாது, பி.சி.எல். 60 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே இழைகள் ஒட்டத் தொடங்கும். 12 மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள். 0.1 மி.கி. தராசில் இரண்டு முறை தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் வெளியே எடுக்கலாம். டி.எம்.எஃப்., ஹெச்.எஃப்.ஐ.பி. இரண்டும் நீரோடு கலப்பவை என்பதால், உலர்த்தியபின் பி.பி.எஸ்.ஸில் 24 மணி நேரம், மூன்று முறை மாற்றி, ஊறவைப்பது மிச்சத்தையும் இழுத்துவிடும். குளோரோஃபார்ம் நீரோடு கலக்காது, அதை வெற்றிடம்தான் எடுக்க வேண்டும்.

மருத்துவப் பயன்பாட்டை மனதில் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் எடை மட்டும் போதாது, வாயுக் குரோமட்டோகிராஃபியில் அளவிடுங்கள். மருந்துகளுக்கான ஐ.சி.ஹெச். (மருந்து விதிகளை ஒத்திசைக்கும் பன்னாட்டு அமைப்பு) வரம்பு குளோரோஃபார்முக்கு 60 பி.பி.எம்., டைகுளோரோமீத்தேனுக்கு 600, டி.எம்.எஃப்.புக்கு 880. குளோரோஃபார்முக்கு வரம்பு எவ்வளவு கடுமை என்று பாருங்கள். நோயாளியின் உடலுக்குள் போக வேண்டிய பொருளுக்குக் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை யோசிக்க வேண்டும்.

மீடியத்தின் நிறமும் துப்புத் தரும். செல் குறைவாக இருந்தும் மஞ்சளாக மாறினால் அமிலம் கசிகிறது: அசிட்டிக் அல்லது ஃபார்மிக் அமிலத்தில் நூற்ற பாய், அல்லது சிதைந்து லாக்டிக், கிளைக்காலிக் அமிலம் விடும் பி.எல்.ஜி.ஏ. என்ற வேறு பாலிமரின் பாய். கலங்கலும் சேர்ந்திருந்தால் கிருமி. கருஞ்சிவப்பு, ஊதா பக்கம் போனால் சோடியம் ஹைட்ராக்சைடு சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது இன்குபேட்டரில் கார்பன் டையாக்சைடு தீர்ந்திருக்கிறது. பி.சி.எல். தானே சிதைவதால் சில நாளில் அமிலம் வராது, அது முழுதாகச் சிதைய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

சாறு சுத்தம், ஆனால் பாயில் செல் சாகிறது என்றால் எத்தனால் எச்சம், அடைபட்ட காற்று, மிகக் குறைவான விதைப்பு மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

கிருமி நீக்கத்தில் ஒரு எச்சரிக்கை. 121 டிகிரி ஆட்டோகிளேவில் பி.சி.எல். பாய் உருகிக் கட்டியாகும். புற ஊதா ஒளி மேலடுக்கைத் தாண்டாது, இழைகள் அதைச் சிதறடித்துவிடும், நீண்ட நேரம் வைத்தால் சங்கிலியும் அறுபடும். 70% எத்தனால் ஆய்வகச் சோதனைக்குச் சரி, ஸ்போர்களைக் கொல்லாது. உடலில் பொருத்தும் பொருளுக்கு எத்திலீன் ஆக்சைடு, அதன்பின் போதிய காற்றோட்டம், அல்லது 25 கிலோகிரே காமாக் கதிர். கதிருக்குப்பின் மூலக்கூறு எடையையும் இழுவலிமையையும் மறுபடி அளக்க வேண்டும்.

செல்கள் மேலே மட்டும் வளர்கின்றன, உள்ளே போகவில்லை

இதுதான் இழைப்பாயின் பிறவிக் குறை. 0.5 முதல் 1 மைக்ரான் இழையில் இடைவெளி சில மைக்ரான்தான் இருக்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் 10 முதல் 20 மைக்ரான். உடலை ஒடுக்கினாலும் உட்கருவை ஓரளவுக்கு மேல் ஒடுக்க முடியாது. மேலே ஒரு படலமாக மூடிவிட்டால் அடியில் சத்தும் போகாது. மூன்று வாரம் காத்திருந்தாலும் இது மாறாது.

முதலில் உண்மையிலேயே இதுதானா என்று உறுதி செய்யுங்கள். குறுக்குவெட்டில் உட்கருச் சாயம் போட்டுப் பாருங்கள். நடுவில் உட்கருவே இல்லை என்றால் இடைவெளிப் பிரச்சினை. உட்கருக்கள் இருக்கின்றன, ஆனால் சுருங்கி, உயிர்ச் சாயம் ஏற்கவில்லை என்றால் செல்கள் போய்ச் சேர்ந்தபின் ஆக்சிஜன் இல்லாமல் இறந்திருக்கின்றன. ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் வரைதான் போதுமான அளவில் பரவும். இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவதற்கு மீடியத்தை ஊடாகச் செலுத்தும் பயோரியாக்டர் வேண்டும், அல்லது பாயை மெலிதாக்க வேண்டும்.

இடைவெளியைப் பெரிதாக்க வழிகள் பல. எளியது இழையைத் தடிப்பாக்குவது. இழை விட்டம் கூடினால் இடைவெளியும் கூடும். செறிவை 18 முதல் 20 சதவீதம் வரை, ஊசியை 18 கேஜ், பாய்ச்சலை 3 மி.லி.க்கு மேல், தொலைவை 20 செ.மீ. என்று மாற்றி 5 மைக்ரான் இழையைக் குறிவையுங்கள். விலை என்னவென்றால் நுண்ணிழை தரும் பரப்பும் ஒட்டுதலும் குறையும். அதனால் பலர் தடித்த இழைமேல் மிக மெல்லிய நுண்ணிழை அடுக்கொன்றைச் சேர்ப்பார்கள். அந்த அடுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் மறுபடி மூடியாகிவிடும்.

ஒழுங்கும் வேண்டும், ஊடுருவலும் வேண்டும் என்றால் தியாக இழை முறையே சிறந்தது. ஒரே உருளையின் இரு பக்கத்திலும் இரண்டு ஊசிகள். ஒன்றில் பி.சி.எல்., மற்றதில் பாலிஎத்திலீன் ஆக்சைடு, மூலக்கூறு எடை 2 லட்சம், 90% எத்தனாலில் 10%. நூற்றபின் பாயை நீரில் ஊறவைத்தால் பாலிஎத்திலீன் ஆக்சைடு கரைந்து வெளியேறி இடம் விடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2008இல் நார்த்தன்மையுள்ள தசை-எலும்புத் திசுக்களுக்காக இதை வெளியிட்டது. தியாக இழையின் பங்கு கூடக்கூட ஊடுருவலும் கூடும்; அந்த ஆய்வில் பாதிக்கு மேல் தியாக இழை இருந்த பாய்களில் செல்கள் உள்ளெங்கும் இருந்தன. ஆனால் பங்கு அளவு மீறினால் பாய் தளர்ந்து, கழுவும்போதே தட்டையாக ஒடுங்கிவிடும், ஒடுங்கினால் திறந்த இடைவெளியும் மூடிவிடும். ஆகவே கழுவும்போது பாயை இரு முனையிலும் பிடிப்பானில் நிறுத்துங்கள். எவ்வளவு வெளியேறியது என்பதை உலர் எடைக் குறைவால் சரிபாருங்கள். எதிர்பார்த்த எடை குறையாவிட்டால் நடுவில் பாலிஎத்திலீன் ஆக்சைடு கூழாக நிற்கிறது. சற்றே இளஞ்சூடான நீரில், மாற்றிமாற்றி, இன்னொரு நாள்.

இரண்டும் கைகூடாத இடத்தில் 50 மைக்ரான் பாய்கள் ஒவ்வொன்றிலும் செல்களை விதைத்து அடுக்குவது நேர்மையான மாற்று. அடுக்குகள் பிரிந்துவிடுவதுதான் அதன் தொல்லை. முதல் சில நாள் மெல்லிய எஃகு வலையால் அழுத்தி வைத்தால் செல்களும் அவை சுரக்கும் கொலாஜனும் அடுக்குகளைத் தைத்துவிடும்.

ஒரு கண்ணி இங்கே உண்டு. பாயைக் கத்தியால் அறை வெப்பத்தில் வெட்டினால் மென்மையான பி.சி.எல். இழுபட்டு வெட்டுமுகத்தை மூடிவிடும். படத்தில் இடைவெளியே இல்லாதது போலத் தெரியும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்த முகத்தை மட்டுமே நம்புங்கள்.

இழை ஒழுங்காக இருக்கிறது, செல்கள் ஒழுங்காக இல்லை

செல் தன்னைத் தாங்கும் பொருளின் வடிவத்தைப் பின்பற்றும் என்பது நூறாண்டுக்கு முந்தைய அறிவு. ராஸ் ஹாரிசன் 1910களில் சிலந்தி நூலின்மேல் கருச் செல்கள் நூல்வழியே நீள்வதைக் காட்டினார். பின்பற்றாவிட்டால், செல்லுக்கும் இழைக்கும் நடுவே ஏதோ நிற்கிறது. பெரும்பாலும் அது மற்ற செல்கள். சதுர செ.மீ.க்கு 50,000 போட்டால் செல்கள் ஒன்றையொன்று நெருக்கி அடுக்காகிவிடும், இரண்டாம் அடுக்கு இழையைத் தொடவே தொடாது. ஒழுங்கை அளக்கும் சோதனைக்கு 5,000 முதல் 10,000 போதும். 24, 48 மணி நேரத்தில் ஆக்டின் சாயமும் உட்கருச் சாயமும் போட்டு, செல்லின் நீள அச்சுக்கும் இழைக்கும் இடையிலான கோணத்தை எடுங்கள். அடுத்த சந்தேகம் பூச்சு. கொலாஜனைச் செறிவாகப் பூசினால் அது ஜெல்லாகி இழைகளின் இடுக்கை நிரப்பிச் சமதளமாக்கிவிடும். பூச்சுக்குப் பின் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இதைக் காட்டிக்கொடுக்கும்.

கண்ணுக்குச் செல்கள் நிறையத் தெரிகின்றன, சோதனை எண் குறைவாக வருகிறது

உயிருள்ள செல்கள் சாயமொன்றை மாற்றுவதை அளக்கும் எம்.டி.டி. சோதனையில் உருவாகும் ஊதாப் படிகங்கள் பாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். 15 நிமிடக் கரைப்பு போதாது. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் பாயை மூழ்கவைத்து, ஆட்டியில், பாயின் நிறம் முழுதாக வெளுக்கும்வரை விடுங்கள். கரைசலை வேறு பிளேட்டுக்கு மாற்றி அளவிடுங்கள். எண் அதிகமாக வருவதும் உண்டு, வெல்லின் அடியில் வளர்ந்த செல்களும் கணக்கில் சேர்ந்திருக்கும். சோதனைக்கு முன் பாயைப் புதிய வெல்லுக்கு மாற்றுவது இதைத் தீர்க்கும். செல் இல்லாத பாய் ஒன்றுக்கும் அதே சோதனையைச் செய்து அந்த அளவைக் கழியுங்கள், பாய் சாயத்தை உறிஞ்சும்.

ரெசாசூரின் வகைச் சோதனை செல்லைக் கொல்லாது, அதே பாயை அடுத்த வாரமும் அளக்கலாம். ஆனால் இரண்டுமே வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கின்றன. எத்தனை செல் என்று தெரிய டி.என்.ஏ. அளவீடு வேண்டும். செல்லை உடைக்கும் டிரைட்டான் சோப்புக் கரைசலில் (0.1%) மூன்று முறை உறையவைத்து உருக்கி, பிக்கோகிரீன் சாயத்தால் அளந்து, எண்ணிக்கை தெரிந்த செல்களின் வரைகோட்டோடு ஒப்பிடுங்கள். டி.என்.ஏ. கூடியிருந்து வளர்சிதை எண் மட்டும் குறைந்தால் செல்கள் நெரிசலில் சோர்ந்திருக்கின்றன அல்லது வேறுபடத் தொடங்கியிருக்கின்றன. அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

திசுவெட்டில் பாயே காணவில்லை

வழக்கமான பாரஃபின் முறையில் கொடுத்திருப்பீர்கள். சைலீன் பி.சி.எல்.லைக் கரைக்கும், 58 முதல் 60 டிகிரிப் பாரஃபின் மிச்சத்தை உருக்கும். மிஞ்சுவது செல்களும் வெற்றிடமும். ஓ.சி.டி. என்ற பொதிவு ஊடகத்தில் உறையவைத்துக் கிரையோஸ்டாட்டில் (உறைநிலையில் வெட்டும் கருவி) வெட்டுங்கள். பாயை முதலில் 30% சுக்ரோஸில் ஒரு இரவு ஊறவைத்தால் பனிப் படிகம் செல்லைக் கிழிக்காது. வெட்டு ஸ்லைடிலிருந்து கழன்றால் மின்னூட்டப் பூச்சுள்ள ஸ்லைடுக்கு மாறுங்கள். சாயம் போட்டபின் தெளிவாக்கச் சைலீன் தொடாமல், கிளிசரால் அடிப்படையிலான நீரில் கலக்கும் மூடு ஊடகத்தைப் பயன்படுத்துங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் இதே கவனம். 2.5% குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தியபின் எத்தனால் படிகள் மட்டும். அசிட்டோன் இழையைக் கரைத்துச் சிதைக்கும். கடைசியில் மாறுநிலைப்புள்ளி உலர்த்தல், அல்லது ஹெக்சாமெத்தில்டைசிலசேனில் நனைத்து ஹூட்டில் தானாக உலரவிடுவது. அடுப்பில் வைக்கக் கூடாது. படம் எடுக்கும்போது 5 கிலோவோல்ட்டுக்கு மேல் போனால், நீங்கள் குவியம் சரிசெய்யும் நேரத்துக்குள் இழை கற்றையின் வெப்பத்தில் நெளியும். குவியத்தைப் பக்கத்து இடத்தில் பிடித்துக்கொண்டு, வேண்டிய இடத்துக்கு நகர்ந்ததும் உடனே படத்தை எடுங்கள்.